பிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டியவளுக்கு

ஜெபா மக்கா,

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அம்மாவும் சாப்பாட்டு மேசை நடுவில் போனை வைத்துக் கேட்டோம். அங்கே ஜெர்மனியில் ஆஸ்பத்திரிக்குப் போய்வர சைக்கிள் வாங்கப் போகிறாய் என்றும், பக்கத்து அறையில் இருக்கும் எர்ணாகுளத்துப் பெண்ணின் சைக்கிளை வாங்கிய வாரமே யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்றும் சொன்னாய். "அப்பா, எந்தப் பூட்டு வாங்கணும்னு நீங்க சொல்லுங்க. இஞ்ச கடையில பூட்டுக்குன்னே ஒரு சுவரு முழுக்க உண்டு" என்று சிரித்தாய். அம்மா உடனே, "அவளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப் போவுது?" என்றாள். அது உண்மைதான். சைக்கிள் பூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், நீ அதைத் தெரிந்துகொண்டபோது பக்கத்தில் நின்று பார்த்தது. ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். போனில் பேசினால் சாப்பிட்டாயா, குளிருகிறதா என்பதோடு எனக்குப் பேச்சு தீர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பூட்டு ஒரு சாக்குத்தான். உன்னைப் பற்றி உன்னிடமே சொல்ல எனக்கு வெகுநாளாக ஆசை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் உனக்கு நர்ஸ் வேலை கிடைத்தபோது நான் ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்திருந்தேன். வெல்டிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடது தோள் போயிருந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. பகல் முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். உனக்கு விடியற்காலையில் வேலை தொடங்கும். நம் ஊருக்கு முதல் பஸ் வருவதற்குள் பாறசாலையிலிருந்து உன் ரயில் போய்விடும். ஆளாளுக்கு ஸ்கூட்டர் வாங்கச் சொன்னார்கள். நீ முதல் சம்பளத்தில் ஒரு நீலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினாய். அம்மாவுக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். "கல்யாணம் ஆவ வேண்டிய பிள்ள, ஊரு பாக்க சைக்கிளு சவுட்டிக்கிட்டுப் போறதாக்கும் இனி" என்றாள். மறுநாள் இருட்டு பிரியும் முன்பே டார்ச்சை ஹேண்டிலில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். ரப்பர் தோட்டத்துச் சரிவில் உன் மணிச் சத்தம் இறங்கிப் போவதை நான் படுக்கையில் இருந்தபடியே கேட்டேன். எழுந்து வாசலுக்கு வந்திருக்கலாம்.

அந்தச் சைக்கிள் போனது மழைக்காலத் தொடக்கத்தில். பாறசாலை ரயில் ஸ்டேஷன் ரோட்டில், சுகுமாரன் அண்ணன் டீக்கடையைத் தாண்டி, மதிலோரம் நிறுத்துவாய். கேரியருக்குக் கீழே வளையம் போல ஒரு பூட்டு உண்டே, சைக்கிளோடு வருவது, அதைத்தான் பூட்டுவாய். சாவியை எடுத்தால் பின்சக்கரம் சுற்றாது. அவ்வளவுதான் பூட்டு என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். சாயங்காலம் வந்து பார்த்தபோது மதில் மட்டும் இருந்தது. நீ நடந்தே வீடு வந்தாய். வந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்னும் ஆச்சரியம். "அப்பா, பூட்டு முறியேல்ல. அவன் பூட்டோட தூக்கி ஏதோ வண்டியில போட்டுக்கிட்டுப் போயிட்டான். சக்கரத்தப் பூட்டுனேன், சைக்கிள எதுலயும் பூட்டேல்ல." பொருளைப் பறிகொடுத்த அன்றைக்கே, அது எப்படிப் போனது என்று யோசித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறாய். நானாக இருந்தால் கள்ளனைத் திட்டிக்கொண்டே வந்திருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். மேசையில் இருந்தவர், "சைக்கிளினு பராதியோ மோளே?" என்று, சைக்கிளுக்குப் போய்ப் புகாரா என்பதுபோல், சிரித்தார். நீ மலையாளத்திலேயே, "ஜோலிக்குப் போகான் எனிக்குள்ள வண்டியாணு சாரே. காறு போயால் எழுதுமல்லோ?" என்றாய். வேலைக்குப் போக எனக்கு இதுதான் வண்டி, கார் காணாமல் போனால் எழுதுவீர்கள் அல்லவா என்று ஒரு பெண் கேட்டதும் அந்த மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டார். சைக்கிளுக்கு நம்பர் உண்டா என்றார். பெடலுக்கு மேலே பிரேமில் அடித்திருந்த நம்பரை, வாங்கிய அன்றே நீ போனில் படம் எடுத்து வைத்திருந்தாய். அதைக் காட்டினாய். புகார் எழுதிக்கொண்டார். நான் மூலையில் நின்றிருந்தேன். அங்கே ஒரு வார்த்தை பேச எனக்கு வேலை இருக்கவில்லை, மக்கா. அதில் எனக்கு வருத்தமும் இருக்கவில்லை.

அதன்பிறகு நீ நடந்து போன நாட்களைப் பற்றி நீ யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. எனக்கு அது தெரிய வந்தது பொழியூர் அந்தோணி அண்ணன் மூலமாக. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், சிறுநீரகம் கெட்டு வாரத்தில் மூன்று நாள் உன்னிடம் வருவார். ஒருநாள் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என்னைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க பிள்ள அம்புட்டு தூரம் நடந்து வாறாளாமே. ஒரு நாளு தாமசிக்கேல்ல. எனக்க கையில ஊசி ஏத்த வேற யாரும் வந்தா நான் கைய நீட்ட மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார். நீ மிஷினுக்குப் பின்னால் நின்று குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாய். உன் செருப்பில் வயல் சேறு காய்ந்திருந்தது. அன்று ரயிலில் திரும்பி வரும்போது, சைக்கிள் போனதை ஒரு சில்லறை நஷ்டம் என்று நினைத்திருந்தது எவ்வளவு தவறு என்று எனக்கு உறைத்தது. நீ ரயிலை விட்டால் அந்த மனிதர் படுக்கையில் காத்துக் கிடக்க வேண்டும்.

இரண்டாவது சைக்கிளை வாங்கினாய். கியர் எல்லாம் வைத்த, மெல்லிய பழைய சைக்கிள், சிவப்பு நிறம். இந்தத் தடவை பிளாஸ்டிக் உறை போட்ட வயர் பூட்டு ஒன்றும் வாங்கி, முன்சக்கரத்தைக் கரண்டுக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினாய். சில வாரம் நன்றாகத்தான் போனது. ஒரு சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்த கோலத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தோளில் ஒரு சக்கரம் மாட்டியிருந்தது. சக்கரம் மட்டும். அந்தப் புதுமாதிரிச் சைக்கிளில் முன்சக்கரத்தை ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே கழற்ற ஒரு பிடி உண்டு. கள்ளன் அதைத் திருப்பி, பூட்டிய சக்கரத்தைக் கம்பத்திலேயே விட்டுவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நீ முற்றத்தில் நின்று, "அம்மா, பூட்டுன சாதனம் பத்திரமா உண்டு" என்று சக்கரத்தைக் காட்டினாய். அம்மா சிரித்துவிட்டாள். நீயும் சிரித்தாய். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருந்தாய். அம்மா கதவருகே போய், "போதும் மக்களே, இனி சைக்கிளு வேண்டாம். ஸ்கூட்டர் வாங்கலாம், இல்லேன்னா சோலிய மாத்தலாம்" என்றாள். உள்ளிருந்து, "சைக்கிளில குத்தம் இல்லம்மா" என்று குரல் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து நீ என் கட்டிலுக்குக் கீழே குனிந்து, ஷார்ஜாவிலிருந்து வந்ததிலிருந்து நான் திறக்காமல் கிடந்த டூல்ஸ் பெட்டியை இழுத்து வெளியே போட்டாய். முற்றத்துப் பலா மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து நாலைந்து பூட்டுகளை வரிசையாக வைத்தாய். சிலது திருவனந்தபுரத்தில் வாங்கியது, சிலது ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை செய்பவர்களிடம் கேட்டு வாங்கியது, பழசு. "அப்பா, நீங்க களவாணி. நான் சைக்கிள்காரி. ஒவ்வொண்ணா முறியுங்க, பாப்போம்" என்றாய். நான் தோளைக் காட்டினேன். "தோள எதுக்கு? கள்ளன் குனிஞ்சு நின்னுதானே முறிப்பான்?" என்றாய்.

வயர் பூட்டைக் கட்டிங் பிளேயரால் நான் கடித்ததும், வாழைநார் மாதிரி பிரிந்துபோனது. மெல்லிய சங்கிலி ஹேக்சா பிளேடுக்கு நிற்கவில்லை. தடித்த சங்கிலியை அறுக்க மூச்சு வாங்கியது, ஆனால் அதில் தொங்கிய சின்னப் பூட்டை ஒரு கம்பி விட்டு நெம்பியதும் வாயைப் பிளந்தது. "சங்கிலி கெட்டி, பூட்டு பொத்தல். ரெண்டுல எது மோசமோ அதாக்கும் பூட்டு" என்று நீ சொன்னாய். கடைசியில் இருந்தது யூ லாக். கொம்பு போல வளைந்த உருட்டுக் கம்பி, குறுக்கே ஒரு தண்டு. பிளேடு அதில் வழுக்கியது. சுத்தியலால் அடித்தேன். கம்பியை உள்ளே விட்டு நெம்பப் பார்த்தேன். நீ அதை மரத்தின் தாழ்ந்த கிளையோடு இறுக்கமாகப் பூட்டியிருந்ததால் கம்பி நுழைய இடமில்லை. அதையும் நீதான் கண்டுபிடித்தாய்: பெரிய பூட்டு நல்லது என்று நினைக்கிறோம், உள்ளே காலி இடம் அதிகமிருந்தால் நெம்புகிறவனுக்குத்தான் சௌகரியம். கடைசியில் எனக்கு வீம்பு வந்து கிரைண்டரைப் பிளக்கில் சொருகினேன். தீப்பொறி தெங்கு உயரத்துக்குப் பறந்தது. அறுந்துவிட்டது. நான் ஜெயித்த சந்தோஷத்தில் நிமிர்ந்தால், மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் தலையை நீட்டி, "என்னவாக்கும் சத்தம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ அவர்களைக் காட்டி, "இதாக்கும் மீதிப் பூட்டு" என்றாய். எந்த இரும்பும் அறுபடும், அறுக்கும்போது ஆள் பார்க்கிற இடத்தில் சைக்கிளை வைக்க வேண்டும் என்று அப்போது எனக்கும் புரிந்தது.

அந்த ஞாயிறு எனக்கு என்ன செய்தது என்று உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. என் கைக்குக் கிரைண்டர் மறக்கவில்லை. அன்று மதியம் டிவி போட நான் மறந்துபோனேன்.

நீ அதோடு விடவில்லை. நல்ல பூட்டு கிடைத்தாலும் அதை மாட்ட அசையாத இடம் வேண்டும். கரண்டுக் கம்பம் யூ லாக்குக்குள் அடங்காது. சுகுமாரன் அண்ணனிடம் போய், டீக்கடையின் பக்கவாட்டில், அடுப்புக்கு எதிரே உள்ள இடத்தைக் கேட்டாய். "அண்ணா, நீங்க டீ ஆத்தும்போ கண்ணு அந்தப் பக்கந்தான் இருக்கும். அதுனாலயாக்கும் அந்த எடம்." அவர், "வைக்க எடம் தாறேன் பிள்ளே. கம்பி யாரு போடுவா?" என்றார். "எனக்க அப்பா" என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டு வந்தாய். வீட்டில் நான் கத்தினேன். ஆளை நம்ப வைத்துவிட்டு வந்திருக்கிறாயே, என்னால் முடியாவிட்டால் என்ன செய்வாய் என்றேன். நீ பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்த படத்தை என் முன்னால் வைத்தாய். "ஒசரத்தப் பாருங்க அப்பா. எல்லாம் இடுப்புக்குக் கீழ உள்ள சோலியாக்கும். கைய மேல தூக்க வேண்டிய ஒரு வெல்டும் இதுல இல்ல." பார்த்தேன். இல்லை. எனக்காகவே உயரம் குறைத்து வரைந்திருந்தாய், சைக்கிளுக்கும் அதுவே சரியான உயரமாக அமைந்திருந்தது.

கவிழ்த்த 'ப' போல வளைத்த குழாய்களை வரிசையாக நட்டு, அடியில் குறுக்குப் பட்டை வெல்டிங் செய்து, கான்கிரீட்டில் புதைத்தேன். முதல் வெல்டை மட்டும் அறுத்துவிட்டு இரண்டாம் தடவை போட்டேன். மூன்றாவது சைக்கிள், ஷார்ஜாவுக்குப் போகும்முன் நான் ஓட்டி, விறகுப்புரையில் ஓடாமல் கிடந்த என் பழைய கறுப்புச் சைக்கிள். டியூப் மாற்றி, எண்ணெய் போட்டு நீயே எடுத்துக்கொண்டாய். பிரேமையும் பின்சக்கரத்தையும் என் குழாயோடு சேர்த்து யூ லாக்கால் பூட்டுவாய், சாவித் துவாரம் கீழே பார்க்க, பூட்டு தரையில் படாமல். தரையில் கிடந்தால் கல்லை வைத்து அடிக்க வசதி என்பாய். முன்சக்கரத்துக்குத் தனியாக அந்தத் தடித்த சங்கிலி, நல்ல பூட்டோடு. டார்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாய். ஒரு சாயங்காலம் யூ லாக்கில் பிளேடு உரசிய கோடுகள் இருந்தன, கீழே பாதி பிளேடு ஒடிந்து கிடந்தது. சுகுமாரன் அண்ணன் பால் வாங்கப் போன நேரத்தில் யாரோ முயன்றிருக்கிறார்கள். நீ அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ரயிலுக்கு நேரத்தோடு போனது போலவே வீட்டுக்கும் நேரத்தோடு வந்தாய்.

பெருங்கடவிளைச் சந்தையில் நடந்ததைத்தான் நான் ஊரில் பலரிடமும் சொல்லித் திரிகிறேன். நாம் வாழைக்கன்று வாங்கப் போயிருந்தோம். மரச்சீனிக் கிழங்குக் கடை முன்னால் நீலச் சைக்கிள் ஒன்று நின்றது. ஹேண்டிலில் ஒரு பிடி கறுப்பு, ஒரு பிடி பச்சை. கறுப்பு கிழிந்துபோய் நீ பச்சை மாட்டியது எனக்கு நினைவிருந்தது. நான் பாய்ந்து போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். அதன் சொந்தக்காரி என்று ஒரு பெண் ஓடி வந்தாள். ஆரியங்கோட்டுக்காரி, ராஜம். முந்திரி ஆபீசில் கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கிறவள், விரல்களெல்லாம் கறை. நான் கத்திய கத்தலில் ஆள் கூடிவிட்டது. அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு, "நான் களவாணி இல்ல. பைசா குடுத்து வாங்குனதாக்கும். எனக்கு ஆபீசுக்குப் போவ வேற வண்டி இல்ல" என்றாள். நீ என் கையைச் சைக்கிளிலிருந்து எடுத்துவிட்டாய். குனிந்து பெடலுக்கு மேலிருந்த நம்பரைப் பார்த்தாய். நிமிர்ந்து, அவள் கையைப் பிடித்து, "அக்கா, ஒங்கள யாரும் களவாணின்னு சொல்லேல்ல. நாம ரெண்டு பேரையும் ஒருத்தன் ஏமாத்திட்டான். அவன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றாய். கூட்டத்தைப் பார்த்து, "இஞ்ச பாக்க ஒண்ணும் இல்ல, போங்க" என்றாய். கூட்டம் போனது.

ராஜம் நம்மோடு போலீஸ் ஸ்டேஷன் வந்தாள். அவள் காட்டிய ஆள் பழைய சைக்கிள் வாங்கி விற்கிறவன். அவன் ஷெட்டில் நாலா ஊர்ச் சைக்கிள்களும் கிடந்தன. உன் சிவப்புச் சைக்கிளும் முன்சக்கரம் இல்லாமல் ஆணியில் தொங்கியது. கோர்ட்டு நடைமுறை எல்லாம் முடிந்து இரண்டும் உன் கைக்கு வந்த அன்று, நீலம் உன்னுடையது என்று எடுத்துக்கொண்டாய். அதை விட்டுக்கொடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. சிவப்புக்கு, நீ தோளில் சுமந்து வந்த சக்கரத்தை மாட்டி, ஒரு புது யூ லாக்கும் வாங்கி, ஆரியங்கோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாய். நான் பின்னால் கறுப்புச் சைக்கிளில் வந்தேன். ராஜம் வாங்க மாட்டேன் என்றாள். "அக்கா, நீங்க கூட வரலேன்னா எனக்கு ஒண்ணும் கெடச்சிருக்காது. இது அதுல ஒங்க பங்கு" என்றாய். பிறகு அவள் வீட்டு ஜன்னல் கம்பியில், எதோடு எதைச் சேர்த்துப் பூட்ட வேண்டும் என்று அவளையே பூட்டித் திறக்கவைத்தாய். திரும்பும்போது ஏற்றத்தில் நான் இறங்கி உருட்டினேன். நீ நிற்காமல் ஏறிப்போய் மேலே எனக்காகக் காத்திருந்தாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். எனக்குப் பிறந்தவள் என்று நம்பவே முடியவில்லை.

இப்போது உன் கேள்விக்கு. சைக்கிள் வாங்கும்போதே பூட்டும் வாங்கு, நாளைக்கு என்று விடாதே. பழைய சைக்கிள் வாங்கினால் விற்கிறவன் யார், சைக்கிள் அவனுக்கு எப்படி வந்தது என்று கேள். பதில் சொல்லாதவனிடம், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதே, அது இன்னொரு ஜெபாவின் வண்டியாக இருக்கும். நம்பரைப் படம் எடு. மற்றதெல்லாம் நீ எனக்குக் காட்டியது, உனக்கே தெரியும். அந்த எர்ணாகுளத்துப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடு. புது ஊரில் முதல் வாரமே பறிகொடுத்தவள் வீட்டு நினைப்பில் இருப்பாள். அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போ, அந்தப் பூட்டுச் சுவர் முன்னால் இரண்டு பேருமாக நின்று நிதானமாகப் பாருங்கள்.

இங்கே ஒரு விசேஷம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். நீ போன பிறகு நீலச் சைக்கிள் சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று ஒருநாள் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது எனக்குப் புரிந்தது. சர்ச்சுக்குப் பின்னாலுள்ள கிரவுண்டில் தினமும் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவாள், நான் நல்ல கையால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். ஒருநாள் நான் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள், நான் பாதிக் கிரவுண்டில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கு விட்டிய?" என்று கத்தினாள், ஆனால் சவுட்டுவதை நிறுத்தவில்லை.

இன்று காலை ஸ்டேஷன் பக்கம் மகளிர் குழுக் கூட்டத்துக்குத் தனியாகச் சைக்கிளில் போனாள். நான் வாசலில் நின்று, சரிவில் மணிச் சத்தம் இறங்கிப் போவதைக் கேட்டேன். மதியம் வந்தவள் முகம் சிவந்திருந்தது. விழுந்துவிட்டாளோ என்று பயந்தேன். "நீங்க போட்ட கம்பியில எனக்க சைக்கிள வைக்க எடம் உண்டா? மேஸ்திரிமாரு, டியூசன் டீச்சருமாரு, பேங்குல சோலிக்குப் போற பிள்ளைய, எல்லாரும் வந்து வச்சிருக்காவ. நான் சுகுமாரனுக்க கடைக்குள்ள ஏத்தி, பெஞ்சுக்கும் அடுப்புக்கும் எடையில வச்சிட்டுப் போனேன். இன்னும் ஒரு கம்பி போட ஒங்களுக்கு என்ன தடை?" என்றாள்.

ஒரு தடையும் இல்லை. நாளைக்குக் குழாய் வாங்கப் போகிறேன்.

உன் அப்பா